கீழே வைக்கக் கூடாத பை

தளவாய்புரம்,
ஐப்பசி, வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, மாடத்தி எழுதுவது.

நீங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அதை மனசாரத்தான் எழுதுகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிறேன். அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நான் பாதியில் அழுகிறேன், நீங்களும் அழுகிறீர்கள், உங்கள் ரூமில் ஷிப்டு முடித்துப் படுத்திருப்பவர்கள் எழுந்து என்னவென்று கேட்கிறார்கள். பொறவு சாப்பிட்டாச்சா என்று ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். பிள்ளை போன பிறகு நாம் பேசினது அம்புட்டும் சாப்பிட்டாச்சா என்கிற ஒரு பேச்சுதான். வாய்ஸ் அனுப்பலாம் என்றால், அந்தப் பொத்தானை அமுக்கிப் பேச எனக்குப் பழக்கிக் கொடுத்தவள் யோகேஸ்வரி. அதை அமுக்கப் போனால் அவள் விரல் என் விரல் மேல் இருக்கிற மாதிரி இருக்கிறது. பேச்சு வரமாட்டேன் என்கிறது. பொன்னுராஜ் அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்மாமுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை பரவாயில்லை. பிளவக்கல் பக்கம் நல்ல மழை என்கிறார்கள். நம் வீட்டில் அடுப்படி மூலையில் மட்டும் ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். நைட்டி தைக்கிற வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. தைத்துப் போடுகிறேன். பிசிறு வெட்டத்தான் ஆளில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மிஷினுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து வெட்டுவாளே, அந்தக் கத்தரிக்கோல் மிஷின் பெட்டிக்குள் கிடக்கிறது. நான் வேறே கத்தரிக்கோல் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் போன வாரம் அனுப்பின வாய்ஸைக் கேட்டேன். லீவு கிடைக்காது போலிருக்கிறது, கார்த்திகையில் பிள்ளை போய் ஆண்டு வருவதற்குள் கன்னிக்கு வேண்டியதை எல்லாம் நீயே வாங்கி, அக்காவை வைத்துக் கும்பிட்டுவிடு என்று சொல்லியிருந்தீர்கள். பாதியில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் சொன்னீர்கள். அதனால் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. கோபம் இல்லை என்றும் எழுத மாட்டேன்.

உங்கள் அக்கா, மாரியாத்தாள் மதினி, ஆடியில் இருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை, வீட்டுக் கன்னியாக்கிக் கும்பிட்டால்தான் அது ஒரு இடத்தில் உட்காரும், இல்லாவிட்டால் வாசலுக்கும் தெருவுக்குமாக அலையும் என்கிறார்கள். மதினி வீட்டில், கல்யாணமாகாமல் போன உங்கள் அத்தைக்குத் தொங்குகிற பெட்டியைப் பார்த்துத்தானே நானும் இந்த வீட்டுக்கு வந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியை இறக்கி, விளக்கேற்றி, பழைய துணியை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிட்டு, புதுத் துணி வைத்து மறுபடியும் கட்டித் தூக்குவார்கள். யோகேஸ்வரியே சின்னதில் அந்தத் துணியை உடுத்தி ஆடியிருக்கிறாள். நீங்கள் கூட, நம்ம அத்தையே எழுந்து வந்த மாதிரி இருக்கு என்று சிரித்தீர்கள்.

மதினியைக் குறை சொல்லி எழுதவில்லை. அவர்களே போய் நல்ல ஓலைப்பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தார்கள். நம் வீட்டுக் கன்னிமூலையில் கொக்கி அடித்து, கயிறு போட்டு, வெறும் பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துணியை நீதான் எடுக்கணும், பெத்தவ கை படணும் என்று சொன்னார்கள். உள்ளே ஒன்றும் இல்லாததால் காற்றடித்தால் அது ஆடுகிறது. நான் மிஷினில் உட்கார்ந்தால் அதுதான் எதிரே.

நேற்றைக்கு நடந்ததை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஏதேதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் மதினி வந்து என்னைக் கிளப்பிவிட்டார்கள். ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில போய் எடு, ஆண்டாள் இருக்க ஊரு, அவளும் கன்னியா இருந்தவதான என்றார்கள். ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். வாங்கின பையை வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது, இன்னொருத்தர் கையில் கொடுக்கக் கூடாது, நேராக வீட்டுக்கு வந்து விளக்கேற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். தரையில் பட்டுவிட்டால் அந்தத் துணி கன்னிக்கு ஆகாது. நான் சரி என்று போனேன்.

கடையில் ஒரு சின்னப் பெண் வந்து, என்ன வேணும்க்கா என்று கேட்டது. பாவாடை சட்டை என்றேன். பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டது. பதினாறு என்றேன். அது நல்ல பிள்ளை. பச்சையில் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டி, இந்த வயசுல கடகடன்னு வளந்துருவாங்கக்கா, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க, அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்றது. மச்சான், நான் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிட்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கும். பக்கத்துக் கடையில் கண்ணாடி வளையல், ரிப்பன், சாந்து, கண்மை, ஒரு கைக்கண்ணாடி. எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கிவிட்டது.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ராஜபாளையத்தில் இறங்கி நம் ஊர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. ஏறினால் வீடு. வீட்டில் மதினி விளக்கைத் துலக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கால் வைத்த உடனே பெட்டியை இறக்குவார்கள். நான் மடித்து வைப்பேன், அவர்கள் குலவை போடுவார்கள், அத்தோடு யோகேஸ்வரி சாமியாகிவிடுவாள். சாமியிடம் போய், ஏட்டி பல்லு வெளக்குனியா என்று கேட்க முடியுமா? பையைக் கீழேயும் வைக்க முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. எங்கேயாவது போய் நிற்க வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் அந்த மியூசியம் ஞாபகம் வந்தது. பழைய மில்காரர் ஒருத்தர் பங்களாவில் அந்தக் காலத்துச் சேலை, நகை, அலங்காரச் சாமான் எல்லாம் வைத்திருக்கிறார்களே, அது. பள்ளிக்கூடத்தில் இருந்து யோகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வந்து அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. அங்கே பொம்மைக்கு எல்லாம் தலையே இல்லம்மா, ஆனா கழுத்துல காசுமாலை கெடக்கு என்றாள். ஒரு கண்ணாடிக்குள்ள குட்டிக்குட்டி வளையல் இருக்கு, என் ரெண்டு விரலுதான் நுழையும் போல, எந்தப் பாப்பா போட்டுச்சோ என்றாள். நான் நைட்டிக்குக் கழுத்துத் தையல் அடித்துக்கொண்டே ம் கொட்டினேன். அந்த வளையலைப் பார்க்கலாம் என்று போனேன். அவள் கண் பட்டதை நானும் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

வாசலில் காக்கிச் சேலை கட்டின ஒரு காவல்கார அம்மா. ஜெயபாய் என்று பேர். வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். பையை இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்று கீழ்த்தட்டைக் காட்டினார்கள். நான் முடியாது என்றேன். எல்லாரும் வைக்காங்கக்கா, உங்க பைய மட்டும் நான் தூக்கிட்டு ஓடிருவனா என்றார்கள். இல்லம்மா, இதைக் கீழே வைக்கக் கூடாது என்றேன். அப்படி என்ன தங்கமா என்று சிரித்துக்கொண்டே பையின் வாயைப் பிரித்துப் பார்த்தார்கள். பச்சைப் பாவாடை, வளையல், ரிப்பன். மகளுக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார்கள். பொறவு சிரிக்கவில்லை. தோளிலேயே போட்டுக்கங்க, ஆபீசர் கேட்டா நான் பாத்துக்கிடுதேன் என்று உள்ளே விட்டார்கள்.

உள்ளே அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது மச்சான். கால் இல்லாத, தலை இல்லாத பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒரு சேலை கட்டி நிற்கிறது. ஜெயபாய் அம்மா என் கூடவே வந்து, சாயங்காலம் லைட்ட அமத்தும்போது இதுகளப் பாத்தா எனக்கே பயமாருக்கும்க்கா, ஒண்ணுக்கும் தலை கெடையாது, எங்க ஆபீசரு மாதிரி என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன். எப்போது கடைசியாகச் சிரித்தேன் என்று தெரியவில்லை. சிரித்த உடனேயே குற்றம் செய்த மாதிரி ஆகிவிட்டது.

சரிகைச் சேலைகள், பல்லாக்கில் போடுகிற திரை, வெள்ளிக் குங்குமச்சிமிழ், யானைத்தந்தத்தில் சீப்பு, வெளிநாட்டுக் கண்ணாடிப் பூச்சாடி. ஒவ்வொன்றுக்கும் அட்டையில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு அறையில் ரவிக்கைகளாக வைத்திருந்தார்கள். பட்டு ரவிக்கை, கை முழங்கை வரைக்கும். தையல் நம் கண்ணில்தானே முதலில் படும், கையால் அடித்த தையல். கிட்டப் போய்ப் பார்த்தேன். கக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை. வியர்வைக் கறை. யாரோ ஒரு பொம்பளை கட்டிக் கழற்றிப் போட்ட ரவிக்கை. அவள் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும். வியர்வை இருக்கிறது. அதற்கு ஏசி போட்டு, பூச்சி அரிக்காமல் மருந்து வைத்து, கை படாமல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளை துணி ஒன்று இல்லை. காய்ச்சலில் கிடந்து அவள் போன அன்றைக்கே, முறை என்று சொல்லி அவள் உடுத்தினது, உடுத்தாதது எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது புத்தி தெளிவாக இல்லை. தெளிந்து பார்த்தபோது கொடியில் என் சேலை மட்டும் கிடந்தது. யூனிபாரத்தின் கக்கத்தில் இப்படித்தான் மஞ்சள் ஏறும், நான் திட்டிக்கொண்டே சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்து நானே எடுத்துவிட்டேனே என்று அந்த ரவிக்கை முன்னால் நின்றபோது தோன்றியது. கண்ணாடியை உடைத்து அதைக் கிழித்துப் போட வேண்டும் போல் ஒரு ஆங்காரம் வந்தது. அந்தப் பொம்பளை எனக்கு என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வந்தது. எழுதிவிட்டேன், உங்களிடம் எழுதாமல் யாரிடம் எழுத.

மத்தியானம் காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்தது. போனை நீட்டி நீட்டிப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு நீளச் சடை. பின்னலில் கடைசியில் ரப்பர் பேண்டை முறுக்கிப் போட்டிருந்தது, நம் பிள்ளை போடுகிற மாதிரியே. நான் அந்தச் சடைக்குப் பின்னாலேயே ஒரு அறைக்கு அடுத்த அறை போய்க்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அது திரும்பி, என்ன ஆண்ட்டி, ஏதாவது வேணுமா என்றது. முகம் வேறே முகம். ஒன்றும் இல்லைம்மா என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பயந்துவிட்டதோ என்னமோ, பிறகு அது கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தது.

ஜெயபாய் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். பின்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் சோற்றில் பாதியை மூடியில் போட்டுக் கொடுத்தார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். குழம்பு பட்டுவிடும்க்கா, அந்தக் கொப்புல மாட்டுங்க என்றார்கள். கிளையில் மாட்டினால் கீழே வைத்ததாகாதுதான். ஆனாலும் மாட்டவில்லை. குட்டி வளையல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அது கடைசி ரூமுல இருக்கு, பாக்கணுமா என்றார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசி அறை சின்னது. ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஓலைப்பெட்டி, மூடி திறந்து பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. குட்டிப் பாவாடை, சட்டை, ரிப்பன், மரச்சீப்பு, கண்மைச் சிமிழ். அவள் சொன்ன வளையல். நான் அட்டையைப் படிக்கவே வேண்டாம் மச்சான். படித்தேன். கன்னிப் பெட்டி, இளவயதில் இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வணங்கிய குடும்பத்தார் வழங்கியது, பெண்ணின் பெயர் தெரியவில்லை. எழுதியிருந்தது எல்லாம் சரிதான். ஒரு வார்த்தை தப்பில்லை.

நம் பிள்ளைக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போவார்கள், நின்று படிக்க விட மாட்டார்கள். எந்தப் பாப்பா போட்டுச்சோ என்று மட்டும் நினைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஜெயபாய் அம்மா சொன்னார்கள், மெட்ராஸ்ல பிளாட் வாங்கிட்டாங்களாம்க்கா, இங்க உள்ள வீட்ட வித்துட்டாங்க, பிளாட்டுல இத எங்கிட்டுக் கட்டித் தொங்கவிட, தீட்டு தொடக்கு யாரு பாக்க, ஆத்துல விட மனசு வரலன்னு இங்க கொண்டாந்து குடுத்துட்டாங்க, அந்தப் பொம்பள வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து ஒருக்கா எட்டிப் பாத்துச்சு, பொறவு கார்ல ஏறிட்டு. பேர் என்ன என்று ஆபீசர் கேட்டாராம். தாத்தாவுக்கு அத்தை முறை என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பேர் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் கும்பிடுத ஆளு இல்லக்கா, ஆனா தொடைக்கும்போது இந்தக் கண்ணாடியை மட்டும் கடைசியில புதுத்துணி வச்சுத் தொடைப்பேன் என்று சொல்லிவிட்டு அவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். பை மடியில். யோசித்துப் பார்த்தேன் மச்சான். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். அவளும் பையைக் கீழே வைக்காமல்தான் கொண்டுவந்திருப்பாள். அவள் பெட்டியைப் பார்க்க அண்ணன் தம்பி இருந்தார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள், பேரன் பேத்தி, இத்தனை பேர் இருந்தும் அவள் பேர் இல்லாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கிற பெட்டி தினமும் திறந்தே கிடக்கிறது, விளக்குக்குப் பதில் பல்ப். நமக்கு யார் இருக்கிறார்கள்? ஒன்றே ஒன்று பெற்றோம். பழைய துணியை எடுத்தால் உடுத்துவதற்கு நம் வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. நீங்களும் நானும் இருக்கிற வரைக்கும் இறக்கிக் கட்டுவோம். அதற்குப் பிறகு? மதினி பேத்திகள் எத்தனை வருஷம் பார்ப்பார்கள்? வீட்டை வாங்குகிறவன் கொக்கியோடு பிடுங்கி எறிவான். சாமியாக்கிவிட்டு அநாதையாக விட்டுப் போவதற்கு, சாமியாக்காமல் நம்மோடேயே முடிந்துபோகட்டும் என்று தோன்றியது. அதுவும் சரியாகத் தோன்றவில்லை. அப்படியானால் அலையட்டும் என்று விடுவதா? ரெண்டு பக்கமும் எனக்கு வழி தெரியவில்லை.

அந்த அறை குளிர்ச்சியாக இருந்தது. ஏசி சத்தம் ஒரே சீராக, பஞ்சு மில் சத்தம் தூரத்தில் கேட்கிற மாதிரி. எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது. பகலில் நான் தூங்கவே மாட்டேன், ராத்திரியும் இப்போது தூக்கம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஜெயபாய் அம்மா தோளைத் தொட்டு, யக்கா எந்திரிங்க, பூட்டணும் என்றபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். தலைக்கு அடியில் அந்தப் பை.

எழுந்து பார்த்தேன். என் எச்சில் பட்டு மஞ்சப்பையில் ஒரு கை அகலம் நனைந்திருந்தது. உள்ளே வளையல் ரெண்டு உடைந்துபோயிருந்தது. பாவாடை என் கன்னத்து அளவுக்குக் குழிந்து கசங்கியிருந்தது. ஜெயபாய் அம்மா என் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார்கள். நான் எட்டிப் பாத்தேன்க்கா, நல்லா அசந்து தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல, என் மேலதான் தப்பு என்றார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு. உடைந்த வளையல் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

கனவு ஒன்றும் வரவில்லை. அவள் துணியில் தலை வைத்துத் தூங்கியும் அவள் வரவில்லை. சும்மா இருட்டாகத் தூங்கினேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பையை நம் தெருமுனை மாடத்தி அக்காள் வீட்டில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். என் பேர்க்காரி, யாரிடமும் சொல்ல மாட்டாள். துணி இனிமேல் வெறும் துணிதானே, இன்னொருத்தர் கையில் கொடுத்தால் என்ன. மதினி வாசலில் நின்றார்கள். நல்லதாக ஒன்றும் அமையவில்லை என்று பொய் சொன்னேன். ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இல்லாத துணியா, நீ அங்க போனியா இல்ல பஸ் ஸ்டாண்டுலயே இருந்துட்டு வந்தியா, நாள் முழுக்க நான் இங்க விளக்க வச்சிட்டுக் கொட்டுக்கொட்டுன்னு இருக்கேன் என்று ஏசினார்கள். ஏசி முடித்துவிட்டு, காலைல இருந்து ஒண்ணும் திங்கலயே நீ என்று தோசை ஊற்றிக் கொடுத்தார்கள். நான் தின்னும் வரைக்கும் பக்கத்தில் இருந்துவிட்டு, தொங்குகிற பெட்டியைப் பார்த்து, பொறுத்துக்கோ தாயி, உங்கம்மா வந்துருவா என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்றைக்குக் காலையில் பையை வாங்கி வந்து அந்தப் பாவாடையை என் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். அதில் கடை வாசம்தான் அடிக்கிறது. யார் வாசமும் இல்லை.

மச்சான், இனி ஒரு தடவை நான் துணிக்கடைக்குப் போக மாட்டேன். நீங்கள் வாருங்கள். லீவு கேளுங்கள், காலில் விழுந்தாவது கேளுங்கள். அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத்தான் உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதற்கு அங்கே லீவு விடவில்லை. இதற்காவது வாருங்கள். பெட்டி வேண்டும் என்றால் இறக்குவோம், வேண்டாம் என்றால் கொக்கியைக் கழற்றுவோம், எதுவானாலும் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். நான் ஒருத்தியாக அந்த மூடியைத் திறக்க மாட்டேன். கார்த்திகை தாண்டிப்போனாலும் தாண்டட்டும். மதினியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

துணியை அங்கிருந்தே நீங்கள் எடுத்து வாருங்கள். விமானத்தில் பெட்டியோடு போட்டுவிடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு என்ன என்று கேட்டு எனக்குப் போன் செய்ய வேண்டாம். நீங்கள் கடைசியாக வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. உங்கள் தோளில் தொங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். உங்கள் கண்ணில் இருக்கிற அளவுக்கே எடுங்கள்.

அது சின்னதாக இருக்கும். இருக்கட்டும். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு நீங்கள் ஒரு சிவப்புச் சட்டை அனுப்பினீர்களே, அதுவும் அவளுக்குப் பற்றவில்லை. கை நுழையவே இல்லை. நான்தான் ரெண்டு பக்கத்துத் தையலையும் பிரித்து, உள்ளே விரல் அகலத்துக்குத் துணி கொடுத்துத் தைத்தேன். அளவா இருக்குப்பா என்று போனில் உங்களுக்குத் திரும்பித் திரும்பிக் காட்டினாளே, கையைத் தூக்காமலேயே காட்டினாள், கவனித்தீர்களா? தூக்கினால் ஒட்டுத்துணி தெரிந்துவிடும். அப்பாட்டச் சொல்லிராதம்மா, நான் வளந்துட்டேன்னு தெரிஞ்சா அங்க உக்காந்து வருத்தப்படும் என்றாள். நான் சொல்லவில்லை. அந்தச் சட்டையை மட்டும், புத்தி தெளிவில்லாமல் கிடந்த அன்றைக்கும், யாரும் கட்டி எடுக்க விடாமல் அவளோடேயே வைத்து அனுப்பினேன்.

நீங்கள் கொண்டுவருவதையும் பிரித்துத் துணி கொடுத்துத் தைத்துவிடுவேன். மிஷின் எண்ணெய் போட்டுத் தயாராகத்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துண்டு போடாமல் நிற்காதீர்கள். நீங்கள் வந்து இறங்குகிற வரைக்கும் உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அதற்கு மேல் கேட்டுக்கொள்ள என்னிடம் சாமி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாடத்தி,
யோகேஸ்வரி அம்மா.